ஆசிட் கேனும் சுண்ணாம்புச் சட்டியும்

வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிய விரல் மஞ்சள்பொடி சிந்திய இடத்தில் பட்டால் அந்த இடம் சிவந்துவிடும். ஆரத்தித் தட்டில் வரும் சிவப்பும் இதே சங்கதிதான். மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற சாயம் புளிப்பான பொருளிலும் வெறும் தண்ணீரிலும் மஞ்சளாகவே கிடக்கும். காரமான பொருள் பட்டால் செம்மை ஏறும். (காரம் என்று இங்கே சொல்வது மிளகாயின் எரிப்பை அல்ல, அமிலத்துக்கு எதிர்ப்பக்கத்தை.) பள்ளிக்கூட லேபில் லிட்மஸ் தாள் செய்கிற வேலையில் பாதியை நம் அடுப்பங்கரை மஞ்சளே செய்துவிடும்.

தமிழ்நாடு-கேரள எல்லையில், களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் பாறசாலைக்கு அந்தப் பக்கமும் உள்ள வீடுகளில் இந்தச் சோதனைக்கு வேலை அதிகம். தமிழ்நாட்டில் ரப்பர் என்றால் பெரும்பாலும் குமரி மாவட்டம்தான். நாலு மரம் வைத்திருக்கிற வீட்டிலும் திண்ணை மூலையில் ரப்பர் பாலை உறையவைக்க ஒரு ஆசிட் கேன் இருக்கும். அந்தப் பால் மரத்தடியிலேயே உறையாமல் இருக்க அமோனியா பாட்டில் ஒன்று, கிணற்றுக்குப் பிளீச்சிங் பவுடர், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு, மீனுக்குக் குடம்புளி, சோப்புக் காய்ச்சுகிற வீடானால் காஸ்டிக் சோடா. வேறு ஊரில் இதெல்லாம் தொழிற்சாலைச் சரக்கு. இங்கே அரிசிப் பானைக்கு நாலடி தள்ளி இருக்கிறது. எது புளிப்புப் பக்கம், எது காரப் பக்கம் என்று தெரிந்தால் மற்றதெல்லாம் தானே விளங்கும்.

முதலில் தாளைச் செய்துகொள்வோம். குர்குமின் தண்ணீரில் கரையாது என்பதுதான் இதில் பலரும் கோட்டை விடும் இடம். தண்ணீரில் கலக்கினால் பொடி அடியில் தங்கும், தாளில் திட்டுத்திட்டாக ஒட்டும். ஒரு டீஸ்பூன் மஞ்சள்பொடியை 50 மில்லி சர்ஜிக்கல் ஸ்பிரிட்டிலோ தண்ணீர் மாதிரி ஓடும் சானிடைசரிலோ கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேலே உள்ளதை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் அடுப்பு எரியக்கூடாது, ஸ்பிரிட் சட்டென்று பற்றும். வடிகட்டும் தாளையோ வழவழப்பில்லாத வெள்ளைத்தாளையோ அதில் தோய்த்து நிழலில் காயவையுங்கள். வெயிலில் மஞ்சள் வெளுத்துப்போகும். மஞ்சள் கறை பட்ட வேட்டியை வெயிலில் போட்டால் கறை மங்குவதும் இதனால்தான்.

புளிப்பை மஞ்சள் காட்டாது. அதற்குச் செம்பருத்தி. ஐந்தாறு பூவின் இதழைக் கொதிநீரில் போட்டு, அந்தச் சாற்றில் தாளைத் தோய்த்தால் எலுமிச்சைச்சாறு பட்ட இடம் இளஞ்சிவப்பாகும், சுண்ணாம்புத் தண்ணீர் பட்ட இடம் பச்சையாகும். இந்த இரண்டு தாளும் கையில் இருந்தால் வீட்டில் உள்ள முக்கால்வாசிப் பொருளைத் தரம் பிரித்துவிடலாம்.

சுண்ணாம்பிலிருந்து தொடங்குவோம். கடற்கரைச் சிப்பி கால்சியம் கார்பனேட். சூளையில் 900 டிகிரியை ஒட்டிச் சுட்டால் அதிலிருந்து கரியமில வாயு போய்விடும். 100 கிராம் சிப்பிக்கு மிஞ்சுவது 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு. தண்ணீர் பட்டால் அது கொதித்துப் பொங்கி நீறும். கணக்குப்படி 56 கிராமுக்கு 18 கிராம் தண்ணீர் போதும். ஆனால் எழும் சூட்டில் பாதித் தண்ணீர் ஆவியாகப் போய்விடுவதால் இரண்டு மூன்று மடங்கு ஊற்றித்தான் நீற்றுவார்கள். குவியலாகப் போட்டு மேலே கொஞ்சம் தண்ணீர் தெளிப்பது ஆபத்தான முறை: உள்ளே சூடு நூறு டிகிரியைத் தாண்டி, கட்டி வெடித்துத் தெறிக்கும். மண்பானையிலோ இரும்பு வாளியிலோ தண்ணீரை முதலில் எடுத்துக்கொண்டு சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். பிளாஸ்டிக் வாளி வேண்டாம், இளகிவிடும். தண்ணீரில் போட்டும் சூடு வரவில்லையா, அந்தச் சுண்ணாம்பு காற்றின் ஈரத்தையும் கரியமில வாயுவையும் குடித்து ஏற்கெனவே செத்துவிட்டது என்று அர்த்தம்.

நீற்றிய சுண்ணாம்பு ஒரு லிட்டர் தண்ணீரில் 1.7 கிராம் அளவுக்குத்தான் கரையும். அந்தக் கொஞ்சத்துக்கே பிஎச் 12.4 வரை ஏறிவிடும். (பிஎச் என்பது புளிப்பையும் காரத்தையும் அளக்கும் எண்: 7 நடு, கீழே போனால் புளிப்பு, மேலே போனால் காரம்.) சுண்ணாம்புச் சட்டியின் மேலே எப்போதும் ஒரு விரற்கடை தண்ணீர் நிற்கும்படி வைப்பதற்குக் காரணம் காற்று. வெறுமனே விட்டால் மேலே ஆடை படரும், அந்த ஆடை மறுபடி சிப்பிப்பொருளாக மாறியது. அது மஞ்சளைச் சிவக்கவைக்காது, வெற்றிலையிலும் ருசி தராது. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் சுண்ணாம்பு டியூபையும் பாக்கெட்டையும் கைக்கெட்டும் இடத்தில் வைக்கக்கூடாது. அழுத்தும்போது பீய்ச்சியடித்துக் கண்ணில் விழுந்தால் கருவிழியைச் சுட்டுவிடும். விழுந்துவிட்டால் இமையைத் திருப்பி, ஒட்டியிருக்கும் துணுக்கை ஈரத்துணி முனையால் எடுத்து, அரைமணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். துணுக்கை எடுக்காமல் கழுவினால் அது கரையக் கரையச் சுட்டுக்கொண்டே இருக்கும்.

இதே சுண்ணாம்பைப் பனையேறிகள் கலயத்தின் உள்ளே பூசுகிறார்கள். பாளையிலிருந்து சொட்டும் நீரில் பத்திலிருந்து பதினான்கு சதவீதம் வரை சுக்ரோஸ் என்ற சர்க்கரை இருக்கும். வெறும் கலயத்தில் விழுந்தால் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் சில மணி நேரத்திலேயே அதைக் கள்ளாக்கிவிடும். சுண்ணாம்புக் காரத்தில் அவற்றின் ஆட்டம் அடங்கும். அப்படி நிறுத்திவைத்ததுதான் அக்கானி. கிழக்கே போனால் பதநீர். சுண்ணாம்பு தூக்கலாக உள்ள அக்கானியில் மஞ்சள் தாள் சிவக்கும், கள்ளில் சிவக்காது.

கருப்பட்டிக்கும் இந்தச் சுண்ணாம்பு தேவை, வேறொரு காரணத்துக்காக. நீர் கொஞ்சம் புளித்திருந்தாலும் சுக்ரோஸ் உடைந்து குளுக்கோஸும் ஃப்ரக்டோஸுமாகப் பிரியும். இந்த இரண்டும் கட்டியாக உறையாது, காற்றின் ஈரத்தை இழுக்கும். புளித்த நீரைக் காய்ச்சினால் எவ்வளவு நேரம் கிண்டினாலும் பாகு பாகாகவே இருக்கும். சிரட்டையில் ஊற்றினாலும் கசிந்துகொண்டிருக்கும். எட்டு லிட்டர் நல்ல அக்கானிக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கருப்பட்டி தேறும். பொங்கும்போது நசுக்கிய ஆமணக்கு விதையைப் போடுவது எண்ணெய்க்காக: நுரையின் மேல் எண்ணெய் பரவினால் குமிழி உடைந்து அடங்கும். பாகு 118 டிகிரியைத் தொடும்போது தண்ணீரில் சொட்டினால் உருட்டும் பதத்தில் நிற்கும், அப்போது இறக்கவேண்டும். சுண்ணாம்பு அதிகமானாலும் வினைதான்: உடைந்த சர்க்கரை காரத்தில் கறுக்கும், கருப்பட்டி கரிந்த நிறத்தில் கசப்போடு வரும். தெளியவைத்து, அடிச்சுண்ணாம்பை விட்டுவிட்டு, மேல்நீரை மட்டும் காய்ச்சவேண்டும். கலப்படக் கருப்பட்டியைத் தண்ணீரில் கரைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று சுற்றிவரும் வீடியோக்களை நம்பவேண்டாம். சீனியில் இருப்பதும் பனையில் இருப்பதும் ஒரே சுக்ரோஸ், தண்ணீருக்கு வித்தியாசம் தெரியாது.

இப்போது அதே சிரட்டையை ரப்பர் மரத்தில் கட்டுவோம். பாலிலும் சர்க்கரை இருக்கிறது, புரதம் இருக்கிறது, அதைத் தின்னப் பாக்டீரியா வருகிறது. தின்று அமிலத்தை விடுகிறது, பால் சிரட்டையிலேயே உறைகிறது. அக்கானி புளிப்பதும் பால் உறைவதும் ஒன்றுதான். நிறுத்தும் வழியும் ஒன்றே: அங்கே சுண்ணாம்பு, இங்கே அமோனியா. இரண்டும் காரம். சுண்ணாம்பைப் பாலில் போட்டால் அதன் கால்சியமே பாலை உறையவைத்துவிடும் என்பதால் அமோனியா. அதிகம் விட்டால் பிறகு உறையவைக்க அந்த அளவுக்கு ஆசிட் கூடுதலாகச் செலவாகும். காசு இரண்டு முறை போகும்.

பாலில் ரப்பர் துணுக்குகள் தண்ணீரில் மிதக்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் புரதத்தோல் இருக்கிறது, அதில் எதிர்மின்னூட்டம் இருக்கிறது. ஒன்றை ஒன்று தள்ளுவதால் ஒட்டாமல் நிற்கின்றன. ஆசிட் விட்டால் அந்த மின்னூட்டம் அவியும். பிஎச் 4.8 பக்கம் வரும்போது தள்ள ஆளில்லை, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். பாலில் மோர் விட்டுத் தயிராக்குவதிலும் இதே கதைதான்.

அளவு இப்படி. மரத்துப் பாலில் 30 முதல் 40 சதவீதம் வரை ரப்பர் இருக்கும், மழைக்காலத்தில் குறையும். சல்லடையில் இருமுறை வடிகட்டி, பன்னிரண்டரை சதவீதத்துக்கு நீர்க்கவைக்கவேண்டும். 35 சதவீதப் பால் என்றால் ஒரு லிட்டருக்கு 1.8 லிட்டர் தண்ணீர். அப்படி நீர்க்கவைத்த 4 லிட்டரை ஒரு டிரேயில் ஊற்றினால் அரைக்கிலோ ஷீட். 85 சதவீத பார்மிக் ஆசிட் 10 மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து, அந்தக் கலவையில் 200 மில்லியை டிரேயில் விட்டுச் சீராகக் கலக்கவேண்டும். ஒரு டிரேக்கு ஆசிட் 2 மில்லிதான். நுரையை உடனே வழித்தெடுக்காவிட்டால் ஷீட்டில் குமிழி நிற்கும், தரம் இறங்கும். மறுநாள் காலை கட்டியைச் சுற்றி நிற்கும் தண்ணீரைப் பாருங்கள். தெளிவாக இருந்தால் அளவு சரி. பால்நிறத்தில் இருந்தால் ஆசிட் பற்றவில்லை, ரப்பர் தண்ணீரோடு போகிறது. கட்டி விறைத்து, ரோலரில் மல்லுக்கட்டினால் ஆசிட் அதிகம். நீர்க்காத ஆசிட்டை நேராக ஊற்றினால் விழுந்த இடம் உடனே உறைந்து, மற்ற இடம் பாலாகவே கிடக்கும். வெளியே கெட்டி, உள்ளே குழம்பு.

மலிவாகக் கிடைக்கிறது என்று கந்தக அமிலம் விடுகிறவர்கள் உண்டு. உறையத்தான் செய்யும். ஆனால் பார்மிக் ஆசிட் கழுவும்போதும் உலரும்போதும் போய்விடும்; கந்தக அமிலம் ஆவியாகாது, ஷீட்டிலேயே தங்கி ரப்பரைத் தின்னும். அந்தச் சேமிப்பு சேமிப்பல்ல.

பார்மிக் ஆசிட்டுக்கு எறும்பு அமிலம் என்றும் பெயர். ஜான் ரே என்ற ஆங்கிலேய இயற்கையியலாளர் 1671-ல் எறும்புகளை வடித்து அதைப் பிரித்தெடுத்தார். முயிறு கடித்தால் எரிவதில் இதற்குப் பங்குண்டு. எறும்பிடம் இருப்பது துளியிலும் துளி. கேனில் இருப்பது 85 சதவீதம், கையில் பட்டால் கொப்பளிக்கும். பட்டவுடன் இருபது நிமிடம் தண்ணீரில் கழுவவேண்டும். ‘ஆசிட்டுக்குச் சுண்ணாம்பு மாற்று’ என்று மேலே சுண்ணாம்பு தடவுவது படுமுட்டாள்தனம். இரண்டும் சேரும்போது சூடு கிளம்பும், ஏற்கெனவே வெந்த தோலில் இரண்டாவது சூடு. தண்ணீரே மருந்து. இந்த ஆசிட்டைத் தண்ணீர் பாட்டிலிலோ சர்பத் குப்பியிலோ மாற்றிவைக்கவே கூடாது. நிறமில்லாத திரவம், பார்வைக்குப் பச்சைத்தண்ணீர். தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்கக்கூடாது, இறங்கும்போது சுட்ட தொண்டையை ஏறும்போதும் சுடும்.

அடுத்து தேங்காய் எண்ணெய். ஏறக்குறைய 90 சதவீதம் பூரிதக் கொழுப்பு, அதில் பாதிக்குப் பக்கம் லாரிக் அமிலம். 24, 25 டிகிரியில் உறைந்துவிடும். மார்கழிக் காலையில் குப்பியைக் கவிழ்த்தாலும் விழாதது அதனால்தான். உறைகிற எண்ணெய் அசல், உறையாதது போலி என்று தீர்ப்புச் சொல்ல முடியாது, பாமாயிலிலும் உறையும் வகை உண்டு. சரியாகக் காயாத கொப்பரையை ஆட்டினால் ஈரமும் பூஞ்சையும் கொழுப்பை உடைத்து அமிலத்தைப் பிரிக்கும், சிக்கு வாடை வரும். கொப்பரையில் ஈரம் 6 சதவீதத்துக்கு மேல் நிற்கக்கூடாது.

சிக்கடித்த எண்ணெய் தாளிக்க உதவாது. சோப்புக்கு உதவும். கணக்கு எளிது. ஒரு கிலோ தேங்காய் எண்ணெயை முழுக்கச் சோப்பாக்க 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். துணி சோப்புக்கு 180 கிராம். குளிக்கும் சோப்புக்கு 150 கிராமுக்கு மேல் போகவேண்டாம். தேங்காய் சோப்பு தோலின் எண்ணெயை ஒட்ட வழித்துவிடும். சோப்பாகாமல் கொஞ்சம் எண்ணெய் மிஞ்சினால்தான் தோல் வெடிக்காது. தண்ணீர் 350 கிராம். எல்லாவற்றையும் எடை போடவேண்டும், டம்ளர்க் கணக்கு இங்கே செல்லாது. வாஷிங் சோடா வேறு, காஸ்டிக் சோடா வேறு. கடைக்காரர் மாற்றிக்கொடுத்தால் எவ்வளவு கிண்டினாலும் சோப்பு வராது. திறந்து கிடந்த காஸ்டிக் செதில் ஈரத்தை இழுத்து எடை கூடியிருக்கும், அதை வைத்துப் போட்ட கணக்கும் தப்பும்.

தண்ணீரில்தான் காஸ்டிக்கைப் போடவேண்டும், காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. போட்டவுடன் 80 டிகிரிக்கு மேல் ஏறும், அந்த ஆவியை முகர்ந்தால் தொண்டை காந்தும். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு முற்றத்தில் செய்யுங்கள். பாத்திரம் ஸ்டீல்தான். அலுமினியத்தில் ஊற்றினால் பாத்திரமே கரைந்து ஹைட்ரஜன் வாயு கிளம்பும், தீப்பொறி பட்டால் போதும். அலுமினியத்தைப் பொறுத்தவரை இரண்டு பக்கமும் பகைதான்: குடம்புளியும் அரிக்கும், காரமும் அரிக்கும்.

கரைசல் 40 டிகிரிக்கு ஆறியதும், அதே சூட்டில் இருக்கும் எண்ணெயில் மெல்லிசாக ஊற்றிக் கிண்டவேண்டும். கையால் கிண்டினால் முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஆகலாம். கரண்டியிலிருந்து ஒழுகும் நூல் மேற்பரப்பில் கோடாக நின்றால் பதம் வந்துவிட்டது, அச்சில் ஊற்றலாம். மற்ற எண்ணெய்ச் சோப்பைச் சாக்கு போட்டு மூடுவார்கள், தேங்காய் எண்ணெய்க்கு அது வேண்டாம். தானே சூடேறி நடுவில் வெடித்துப் பொங்கும். எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள் துண்டு போடவேண்டும். ஒரு நாள் முழுக்க விட்டால் கத்தி வைத்ததும் கல் மாதிரி நொறுங்கும். பிறகு நாலு வாரம் காற்றாட. மேலே படரும் வெள்ளைப்பொடி பூஞ்சை அல்ல, மிச்சக் காரம் காற்றின் கரியமில வாயுவோடு சேர்ந்து வாஷிங் சோடாவானது. துடைத்துவிடலாம். நிறத்துக்கு மஞ்சள் சேர்த்தால் முதலில் செங்கல் நிறமாகிப் பயமுறுத்தும், காரம் அடங்க அடங்கப் பழுப்பு மஞ்சளுக்கு இறங்கும். சோப்பு பழுத்துவிட்டதா என்று மஞ்சள் தாளைக் கேட்காதீர்கள். நல்ல சோப்பும் பிஎச் 9, 10-ல்தான் இருக்கும், எப்போதும் சிவக்கும். நாலு வாரம் கழித்து ஈர விரலால் சோப்பைத் தேய்த்து நுனிநாக்கில் வையுங்கள். சுரீரென்று இழுத்தால் காஸ்டிக் மிச்சம் இருக்கிறது. அதைத் துணிக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஒரு கிலோ எண்ணெயில் சோப்போடு ஏறக்குறைய 140 கிராம் கிளிசரினும் உண்டாகிறது. வீட்டுச் சோப்பில் அது உள்ளேயே நிற்கும், ஆலைகளில் பெரும்பாலும் பிரித்து விற்றுவிடுவார்கள். குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் கிணற்றில் உப்பு கரிக்கிற வீட்டுக்காரர்களுக்குத் தேங்காய் சோப்பின் அருமை தெரியும். மற்ற சோப்பு உப்புத்தண்ணீரில் திரிந்து சளியாகும். லாரிக் அமிலத்தின் சங்கிலி குட்டை, அதனால் அதன் சோப்பு உப்புத்தண்ணீரிலும் கரைந்து நுரைக்கும். கப்பலில் போகிறவர்கள் கடல்தண்ணீரில் குளிக்கத் தேங்காய் எண்ணெய்ச் சோப்பு எடுத்துப்போனது அதற்காகத்தான்.

ஆப்ப சோடாவைப் பற்றிச் சுருக்கமாக. அது புளித்த மாவில் விழுந்தால் 84 கிராமுக்கு 44 கிராம் கரியமில வாயு தரும். புளிக்காத மாவில் சூட்டால் மட்டும் உடைந்தால் பாதி வாயுதான், 22 கிராம். மிச்சம் வாஷிங் சோடாவாக ஆப்பத்திலேயே தங்கும். ஆப்பம் மஞ்சளித்து, சோப்பு ருசி அடிப்பது அதுதான். மாவு புளிக்கவில்லையே என்று சோடாவைக் கூட்டுகிறவர்கள் நோயைக் கூட்டுகிறார்கள். வேண்டுமானால் பார்க்கலாம்: 100 கிராம் ஆப்ப சோடாவை இரும்புச் சட்டியில் கால்மணி, இருபது நிமிடம் நன்றாக வறுத்தால் எடை 63 கிராமை நெருங்கும். வறுக்கும் முன் மஞ்சள் தாளில் லேசான ஆரஞ்சு, வறுத்த பின் நல்ல சிவப்பு.

மீனுக்கு வருவோம். கடல்மீன் வாடைக்கு முக்கியக் காரணம் ட்ரைமெத்தில் அமீன் என்ற பொருள். மீன் செத்த பிறகு பாக்டீரியா அதை உண்டாக்கும். அது அமோனியாவின் உறவு, காரப் பக்கத்துச் சரக்கு. புளிப்பு பட்டால் உப்பாக மாறிவிடும், உப்பு ஆவியாகாது, மூக்குக்கு வராது. குடம்புளி செய்யும் முதல் வேலை இதுதான். அதில் உள்ள அமிலத்தின் பெயர் ஹைட்ராக்சிசிட்ரிக் அமிலம். டார்டாரிக் என்றும் சிட்ரிக் என்றும் முன்பு நினைத்திருந்ததை 1965-ல் லூயிஸ், நீலகண்டன் என்ற இருவர் இன்னதுதான் என்று காட்டினார்கள். நமக்குப் பழக்கமான வாளன்புளியில் இருப்பது டார்டாரிக். குடம்புளிக் குழம்பை மண்சட்டியில் இரண்டு நாள் வைத்தாலும் கெடாமல் இருப்பதில் அமிலத்துக்கும் உப்புக்கும் பங்கு உண்டு.

ஆனால் வாடை போனால் மீன் நல்லது என்று ஆகிவிடாது. சூரை, அயிலை, சாளை போன்றவற்றை ஐஸ் இல்லாமல் சூட்டில் போட்டுவைத்தால் பாக்டீரியா ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தடிப்பு வந்து, தலை வலிக்கும். புளியும் அதை முறிக்காது, கொதியும் அதை அழிக்காது. கெட்ட மீனைக் குடம்புளி மறைக்கும், திருத்தாது.

கடைசியாகக் கிணறு. வட்டக் கிணற்றின் குறுக்களவை அதனாலேயே பெருக்கி, தண்ணீரின் ஆழத்தால் பெருக்கி, 3.14-ஆல் பெருக்கி, நாலால் வகுத்து, ஆயிரத்தால் பெருக்கினால் லிட்டர். எல்லா அளவும் மீட்டரில். இரண்டு மீட்டர் குறுக்களவு, மூன்று மீட்டர் தண்ணீர் என்றால் 9,420 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர், ஆக 24 கிராம். வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு இரண்டு மடங்கு. பவுடரைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, முக்கால் வாளி தண்ணீர் விட்டுக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட்டு, தெளிவை மட்டும் வேறு வாளியில் இறுத்து, கயிற்றில் கட்டி இறக்கித் தண்ணீருக்குள் மேலும் கீழும் அலசவேண்டும். அடிவண்டல் வெறும் சுண்ணாம்பு. அதைக் கிணற்றில் கொட்டினால் கிருமி சாகாது, தண்ணீர்தான் கடுக்கும். ஒரு மணி நேரம் போகட்டும், அதற்குள் இறைக்கக்கூடாது.

செம்மண், செங்கல் பாறைக் கிணறுகளில் பவுடர் போட்டதும் தண்ணீர் பழுப்பாகும். பயப்பட ஒன்றுமில்லை. கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருந்த இரும்பு குளோரின் பட்டுத் துருவாகிவிட்டது. ஒரு நாளில் அடியில் படியும். ஆனால் அந்த இரும்பும் கொஞ்சம் குளோரினைச் செலவழித்துவிடுவதால், மணம் கொஞ்சமும் இல்லையென்றால் மறுபடி கொஞ்சம் போடவேண்டும்.

இதே இரும்புதான் பாத்ரூம் தரையில் பழுப்புக் கறையாகப் படிகிறது. விபத்து இங்கேதான் நடக்கிறது. முதலில் பிளீச்சிங் பவுடரைத் தூவித் தேய்க்கிறார்கள். போகாது, துருவை அது வெளுக்காது, இன்னும் இறுக்கும். போகவில்லையே என்று அதன் மேலேயே கழிப்பறை ஆசிட்டையோ, திண்ணையில் இருக்கும் ரப்பர் ஆசிட்டையோ ஊற்றுகிறார்கள். ஆசிட் பட்ட கணத்தில் பவுடரிலிருந்து குளோரின் வாயு கிளம்பும். காற்றைவிட இரண்டரை மடங்கு கனம், மேலே போகாமல் தரையோடு தவழும், குனிந்து தேய்க்கிறவர் மூக்குக்கு நேராக. முதல் உலகப்போரில் 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர் (Ypres) களத்தில் திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். அமோனியாவும் பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் குளோரமின் என்ற இன்னொரு நச்சு வாயு வரும். ரப்பர் வீட்டில் ஆசிட், அமோனியா, பவுடர் மூன்றும் இருக்கின்றன என்பதை நினைவில் வையுங்கள்.

வாயு கிளம்பிவிட்டால் அணைக்கப்பார்க்காமல், மேலே எதையும் ஊற்றாமல், கதவைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். இருமலும் மூச்சிரைப்பும் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரி. நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்தும் தொடங்கலாம், எனவே ‘இப்போது சரியாகிவிட்டது’ என்று படுத்துவிடக்கூடாது. துருக்கறைக்கு வேண்டியது புளிப்பு மட்டும்: எலுமிச்சையோ வினிகரோ பத்து நிமிடம் ஊறவைத்துத் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும். பவுடர் போட்ட தரையானால் முதலில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு மறுநாள் செய்யுங்கள்.

பவுடர் டப்பாவை ஆசிட் கேனோடு ஒரே தட்டில் வைக்காமல் உலர்ந்த வேறு இடத்தில் இறுக மூடிவையுங்கள். புதிதில் 33 சதவீதம் குளோரின் இருக்கும். கடலோர ஈரத்தில் மூடி தளர்ந்து கிடந்தால் அது கசிந்து போய்க்கொண்டே இருக்கும், கடைசியில் கிணற்றில் போடுவது வெறும் வெள்ளைப்பொடி. சந்தேகமாக இருந்தால் அரை டீஸ்பூனைக் கொஞ்சம் தண்ணீரில் கலந்து, தெளிவில் ஒரு மஞ்சள் தாளைத் தோயுங்கள். பவுடரில் உயிர் இருந்தால் தாள் ஒரு நொடி சிவந்து உடனே வெளுத்து வெள்ளையாகும். சிவந்தது சிவந்தபடியே நின்றால் உள்ளே சுண்ணாம்புதான் மிச்சம், புது டப்பா வாங்க வேண்டியதுதான்.